சேகரிப்புக்கு ஒரு கத்தி, சவரத்துக்கு ஒரு கத்தி

எங்கள் சால் இடிக்கப்பட்டுப் புதுக் கட்டடம் எழுப்ப வேண்டியிருந்ததால் சில மாதங்களுக்கு முன் வீட்டைக் காலி செய்தோம். அப்போது பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்கியது. உள்ளே, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்பது சவரக்கத்திகள். மும்பையில் எல்லோரும் உஸ்தரா என்கிறார்களே, பிடிக்குள் மடங்கும் அந்தப் பழைய கத்திதான். எல்லாம் அப்பாவுடையவை. 1951-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு அடப்பப் பையோடு ரயிலேறி வந்தவர் அவர். மாட்டுங்கா பக்கம் முதலில் மரத்தடியிலும் பிறகு ஒரு சலூனிலுமாக நாற்பது வருஷம் முடிதிருத்தினார். 2004-ல் காலமானார். டின்னை நான்தான் பரணில் போட்டேன். அதன் பிறகு திறக்கவில்லை.

அதை எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை சோர் பஜார், மட்டன் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். பழைய சாமான்களைத் தரம் பிரிப்பதில் கைதேர்ந்த ஒரு வியாபாரி, எனக்குச் சமவயதுக்காரர், ஒன்பதையும் ஒரு வெல்வெட் துணியில் பரப்பினார். இரண்டே நிமிஷம். ஒன்றை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இதுக்கு எட்டாயிரம் தர்றேன் அண்ணா." மூன்றை, "ஒவ்வொண்ணும் முந்நூறு" என்று நடுவில் வைத்தார். நான்கை எடைக்குத் தள்ளினார். கடைசி ஒன்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விரலால் ஓரமாக நகர்த்தி, "யே தோ கதம் ஹை, அண்ணா" என்றார். முடிந்துபோனது.

அவர் ஓரமாகத் தள்ளியதுதான் அப்பா முப்பது வருஷம் தினமும் கையில் பிடித்த கத்தி. எட்டாயிரம் சொன்னதை அப்பா ஒரு தடவைகூட எந்த முகத்திலும் வைத்ததில்லை.

வியாபாரி ஏமாற்றவில்லை. அவர் கணக்கு அவருக்குச் சரி. நான் ஒரு இயந்திரத் தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவன். எஃகைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். எந்தக் கத்தி சேகரிக்கத் தகுந்தது, எது வெறும் உபயோகத்துக்கானது, இந்த இரண்டு கணக்கும் ஏன் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்று அதன் பிறகு உட்கார்ந்து யோசித்தேன், படித்தேன். நம்மில் பலர் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் சவரக்கத்தி ஒன்று கிடக்கும். அவர்களுக்குப் பயன்படலாம் என்றுதான் மலருக்கு இதை எழுதுகிறேன்.

முதலில் உபயோகக் கணக்கு. சவரக்கத்தியில் முதுகு, வாய், பிடிக்குள் போகும் தண்டு, அதன் நுனியில் சுண்டுவிரல் வைக்க வளைந்த வால் என்று பாகங்கள். இதில் புத்திசாலித்தனம் எல்லாம் முதுகில் இருக்கிறது. சமையல் கத்தியைத் தீட்டும்போது எத்தனை கோணத்தில் சாய்ப்பது என்பதைக் கைதான் முடிவு செய்கிறது. சவரக்கத்தியில் அந்தப் பொறுப்பு கைக்கு இல்லை. முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லில் படும்படி மல்லாத்தி வைத்து இழுக்க வேண்டியதுதான். முதுகின் தடிமனே கோணத்தைத் தீர்மானித்துவிடும். சாதாரணக் கத்தி ஒன்றின் அகலம் எட்டில் ஐந்து அங்குலம், அதாவது சுமார் 16 மில்லிமீட்டர். முதுகு ஏறத்தாழ 4.8 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் வாயின் கோணம் 17 டிகிரி வரும். இதைவிடக் கூர்மையாக வைத்தால் வாய் உதிரும். மழுக்கினால் மயிரைப் பிடித்து இழுக்கும்.

வருஷக்கணக்கில் தீட்டத் தீட்ட வாய் தேய்ந்து அகலம் குறையும். ஆனால் அதே கல்லில் முதுகும் சேர்ந்தே தேய்கிறது. ஆகவே கோணம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது! தன் தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும் கருவி இது. டூல் ரூமில் இப்படி ஒன்றை யாராவது வரைந்து கொண்டுவந்திருந்தால் நாங்கள் கை தட்டியிருப்போம். வேடிக்கை என்னவென்றால், முதுகில் தட்டையாகத் தெரியும் அந்தத் தேய்ந்த பட்டையைப் பார்த்தவுடன் சேகரிப்பவர் முகம் சுளிக்கிறார். கத்தி சரியாக வேலை செய்ததற்கான அடையாளமே அவருக்குக் குறையாகத் தெரிகிறது.

வாங்குபவர் உபயோகத்துக்கென்றால் பார்க்க வேண்டியது சொற்பம்தான். வாயில் விரிசலோ பொரிவோ இருக்கக் கூடாது. கத்தி முறுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணாடி மேல் வைத்தால் ஆடக் கூடாது. வாய்க்கு அருகே துரு குழி விழுந்திருக்கக் கூடாது; நடுவயிற்றில் கறை இருந்தால் பாதகமில்லை. வாய் நேராகவோ, லேசாக வெளிப்புறம் வளைந்தோ இருக்கலாம். உட்புறம் குழிந்திருந்தால் யாரோ தெரியாமல் தீட்டியிருக்கிறார்கள். நிறைய தேய்த்துத்தான் நேராக்க முடியும். விரிசலைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். அப்பா விரல் நகத்தால் கத்தியின் நுனியை மெல்லச் சுண்டிக் காதருகே வைப்பார். "ஏல, கண்ணால பாக்காத, காதால கேளு" என்பார். நல்ல கத்தி தம்பூராத் தந்தி போல நீண்டு ரீங்கரிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் உடனே செத்துப்போகும். உயர்நிலைப்பள்ளி நாட்களில் இந்தப் பாடம் எனக்குக் கிடைத்தது. பின்னால் கிரைண்டிங் வீல்களைத் தட்டிப் பார்த்துப் பொருத்தும்போது, இதை எனக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்தாயிற்றே என்று நினைத்துக்கொள்வேன். வெளியே சொன்னதில்லை. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று தொழிற்சாலையில் கேட்டால் "சின்னதா ஒரு கடை வெச்சிருக்கார்" என்பேன். அந்த டின் பரணிலேயே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எழுத இத்தனை வருஷம் ஆச்சு.

இனி சேகரிப்பவர் கணக்கு. அவருக்கு முக்கியம் கத்தி எங்கிருந்து, எந்தக் காலத்தில் வந்தது என்பது. அதற்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஊருக்குப் போக வேண்டும். 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகாரச் சுருள்வில்லுக்கு ஒரே சீரான எஃகு கிடைக்கவில்லை என்று, களிமண் மூசையில் எஃகை முழுக்க உருக்கி வார்க்கும் முறையை அந்த ஊரில் கொண்டுவந்தார். அதற்கு முன் எஃகு என்பது உள்ளே ஒரு பக்கம் கடினமும் ஒரு பக்கம் மென்மையுமான சீரற்ற பொருள். உருக்கியதும் கசடு பிரிந்து, நுனியிலிருந்து அடி வரை ஒரே தரம் ஆனது. சவரக்கத்தியின் வாய் போல மெலிந்த ஓரத்துக்கு இது உயிர்நாடி. 'காஸ்ட் ஸ்டீல்' என்று தண்டில் முத்திரை குத்துவது பெருமையாயிற்று. அந்தக் காலக் கத்திகள் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கோடாலி போல ஆப்பு வடிவம். கையில் கனம் தெரியும்.

சில கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்று இருக்கும். வெள்ளி கலந்தது என்று சொல்லி நம்மூர் வியாபாரிகள் விலை ஏற்றுவார்கள். இதன் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. மின்சார ஆராய்ச்சிக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே, அதற்கு முன் 1818 வாக்கில் தொடங்கிச் சில ஆண்டுகள் லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளைச் சோதித்தார். ஐந்நூறு பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்த்தால் நல்ல எஃகு கிடைப்பதாக எழுதினார்கள். அவ்வளவுதான், ஷெஃபீல்டில் பலரும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்ட அளவுக்கு வெள்ளி ஒட்டிக்கொள்ளவில்லை. ஆகவே அந்த முத்திரை காலத்தைச் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

ஸ்டோடார்ட் என்றதும் நம் ஊர் வந்துவிடுகிறது. ஃபாரடே இந்த ஆராய்ச்சிக்கு வந்ததே தென்னிந்தியாவின் 'வூட்ஸ்' எஃகைப் புரிந்துகொள்ளும் முயற்சியோடுதான். 1794 வாக்கில் அந்த எஃகுக் கட்டிகளை லண்டனில் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பி வைத்தவர் ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர். அனுப்பியது நம்ம பம்பாயிலிருந்துதான். அதில் ஒரு கட்டியிலிருந்து பேனாக்கத்தி செய்து பார்த்தவர் ஸ்டோடார்ட். அடுத்த ஆண்டு ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். பிற்காலத்தில் ஸ்டோடார்ட் தன் கடை விளம்பர அட்டையிலேயே, வூட்ஸ் எஃகில் செய்த அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் கிடைக்கும், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதையே தான் விரும்புவதாக அச்சிட்டிருந்தார். ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் பழைய மூசை உலைகளின் எச்சங்கள் கிடைத்திருப்பதை அன்பர்கள் படித்திருப்பீர்கள். மூசையில் உருக்கும் கலை நம் பக்கம் ஹன்ட்ஸ்மனுக்குப் பல நூற்றாண்டு முந்தையது. அதற்காக, டின்னில் கிடக்கும் ஷெஃபீல்ட் கத்தி எல்லாம் சேலத்து எஃகு என்று சொல்லிவிட முடியாது. ஷெஃபீல்ட் உலைகளுக்குப் போனது பெரும்பாலும் ஸ்வீடன் இரும்பு.

ஒரே ஒரு ஆள் மட்டும் இரண்டு ஊரையும் நேராக இணைத்தார். ஜோசையா மார்ஷல் ஹீத். மதராஸ் மாகாணத்தில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர், வேலையை விட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அது லாபம் தரவில்லை. ஆனால் அவர் ஷெஃபீல்ட் போய், 1839-ல் உருக்கும் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதனால் விலை மலிந்த இரும்பிலும் நல்ல எஃகு வந்தது. ஷெஃபீல்ட் முதலாளிகள் முறையை எடுத்துக்கொண்டார்கள். பணம் தர மறுத்தார்கள். வழக்கு நடத்தியே நொடித்துப்போய் 1851-ல் அவர் இறந்தார். 1850-க்குப் பிறகான ஒரு ஷெஃபீல்ட் கத்தியைக் கையில் எடுக்கும்போது எனக்கு அந்த மனிதரின் நினைவு வருகிறது.

அடுத்த ஊர் ஜெர்மனியின் ஜோலிங்கன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே கத்தியின் இரு பக்கத்தையும் சிறு சக்கரங்களில் குழிவாகச் சாணை பிடிக்கும் கலை உச்சத்துக்கு வந்தது. வாய்க்கு மேலே எஃகு அவ்வளவு மெலிசு. கட்டை விரல் நகத்தில் அழுத்தினால் வளைவது தெரியும். இந்தக் கத்தி தாடையில் ஓடும்போது மெல்லியதாகப் பாடும். தீட்டுவதும் சுலபம், ஏனென்றால் அகற்ற வேண்டிய எஃகு கொஞ்சம். கனமான ஷெஃபீல்ட் கத்தி மெல்ல மெல்லச் சந்தையை இழந்தது. ஜெர்மன்காரர்கள் சிலர் தங்கள் சரக்கில் ஷெஃபீல்ட் என்றே முத்திரை குத்தினார்கள். அந்த ஊர்க்காரர்கள் போட்ட கூச்சலில்தான் 1887-ல் பிரிட்டனில் சரக்கு முத்திரைச் சட்டம் வந்தது. இந்தியாவிலும் 1889-ல் ஒன்று வந்தது. அமெரிக்கா 1890-ன் மெக்கின்லி சுங்கச் சட்டத்தில், இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் பொறிக்க வேண்டும் என்றது. பிற்பாடு ஜோலிங்கன் தன் பெயரைக் காக்க 1938-ல் சட்டமே வாங்கிக்கொண்டது.

இந்தச் சட்டங்கள்தாம் சேகரிப்பவரின் பஞ்சாங்கம். தண்டில் 'இங்கிலாண்ட்' அல்லது 'ஜெர்மனி' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1890-க்குப் பிந்தையது. கிரீடத்தோடு வி.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1837-லிருந்து 1901-க்குள். ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் மன்னர்கள். எந்த ஜார்ஜ் என்பதைக் கத்தியின் வடிவத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: நாட்டின் பெயர் இல்லாததாலேயே பழையது என்று முடிவு கட்டக் கூடாது. அமெரிக்காவுக்குப் போகாத சரக்குக்கு அந்த அவசியம் இல்லை. இந்தியாவுக்கு வந்தது அப்படிப்பட்ட சரக்குதானே.

எட்டாயிரம் ரூபாய்க் கத்திக்கு வருகிறேன். ஜோசப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்ட். நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும் முத்திரை, கூடவே கிரீடமும் வி.ஆரும். கறுப்புக் கொம்புப் பிடி, ஆணிகள் அசல். தாதரில் ஒரு பார்சிப் பெரியவர் வீட்டுக்கு அப்பா வாரம் இரண்டு நாள் போய்ச் சவரம் செய்வார். படுக்கையில் விழுந்த பிறகும் போனார். அவர் போன பின் வீட்டம்மா அதை அப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பா அதைத் தீட்டியதே இல்லை. ஆகவே முழு அகலம், கூரான முதுகு, முத்திரை அழியாமல் அப்படியே. வியாபாரி, "யார் வீட்டுதுன்னு கடிதம் ஏதாவது இருக்கா? இருந்தா பன்னிரண்டு" என்றார். கடிதம் இல்லை. கதைக்கு விலை உண்டு, ஆனால் காகிதம் வேண்டும்.

சேகரிப்பவர் விலை கொடுப்பது இந்த மாதிரித் தொடாத தன்மைக்குத்தான். முழு அகலம், பிறந்த நாளில் போட்ட பிடி, அழியாத முத்திரை, கத்தியின் முகத்தில் அமிலத்தால் பொறித்துப் பொன்பூச்சு ஏற்றிய எழுத்து, கூடவே வந்த அட்டைப்பெட்டி. பெட்டி இருந்தால் விலை தனி. எட்டில் ஏழு, எட்டில் எட்டு அங்குலம் என்று அகலம் கூடக் கூட ஆசையும் கூடும். சவரத்துக்கு எட்டில் ஐந்தே தாராளம்.

முந்நூறு ரூபாய் வரிசையில் ஒன்றின் முதுகில் ஆங்கிலத்தில் 'செவ்வாய்' என்று பொறித்திருக்கிறது. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கத்தி ஒரே பெட்டியில் விற்ற காலம் ஒன்று உண்டு. வாய்க்கு ஓய்வு கொடுத்தால் கூர் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. ஏழும் பெட்டியோடு இருந்தால் சேகரிப்பவர் ஓடி வருவார். ஒன்று தனியாகப் பிரிந்தால் அனாதை. அப்பா அதை 1960-களில் இதே சோர் பஜாரில் சல்லிசாக வாங்கினார். செட் உடைந்ததில் எஃகுக்கு என்ன நஷ்டம்? செவ்வாய்க்கிழமை சவரம் ஆகாது என்று வளர்ந்த மனிதர், செவ்வாய் என்று எழுதிய கத்தியால் மற்ற ஆறு நாளும் வேலை செய்தார். சுண்டினால் இன்றும் நீளமாகப் பாடுகிறது.

இப்படி இரண்டு கணக்கும் பிரிந்ததற்கு ஒரு தேதி சொல்லலாம். கிங் கேம்ப் ஜில்லெட் 1903-ல் தன் மாற்றும் பிளேடு ரேஸரை விற்கத் தொடங்கினார். அந்த ஆண்டு விற்றது 51 ரேஸர், 168 பிளேடு. அடுத்த ஆண்டே தொண்ணூறாயிரம் ரேஸருக்கு மேல். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேஸர் வாங்கியது. சிப்பாய்கள் ஊர் திரும்பிய பின் மடக்குக் கத்தி மேல்நாட்டு வீடுகளிலிருந்து மறைந்தது. எது தினசரி வேலையிலிருந்து விலகுகிறதோ அதுதான் சேகரிப்புப் பொருளாகிறது. நம் நாட்டில் சலூன்களில் அது இன்னும் பல பத்தாண்டு வாழ்ந்தது. பிறகு எய்ட்ஸ் பயம் வந்தது. ஒரே கத்தியைப் பல முகத்தில் வைப்பது ஆபத்து என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள், நியாயம்தான். பிளேடைப் பாதியாக முறித்துச் செருகும் கத்தி வந்தது. அப்பா மறுப்பேதும் சொல்லாமல் மாறினார். ஒன்பது கத்தியையும் எண்ணெய் போட்டு டின்னில் வைத்தது அந்த வாரம்தான்.

அந்த டின்னில் எடைக்குத் தள்ளப்பட்ட நாலு கத்தி கெட்டுப்போனதில் ஒன்றுக்கு நான் பொறுப்பு. மற்ற மூன்றுக்கு செல்லுலாய்ட் பொறுப்பு.

செல்லுலாய்ட் என்பது பழைய பிளாஸ்டிக்; யானைத் தந்தம், ஆமை ஓடு போலத் தோற்றம் காட்ட மலிவாகப் பயன்பட்டது. நைட்ரிக் அமிலம் சேர்த்துச் செய்தது. வயதானால் அந்த அமிலத்தை ஆவியாக வெளியே விடும். மூடிய டின்னில் அது போதும். அப்படி ஒரு பிடி இருந்த கத்தி முதலில் தன் வாயையே தின்றது, பிறகு பக்கத்தில் கிடந்த இரண்டையும் தின்றது. மற்றவை தனித்தனியே துணி சுற்றியிருந்ததால் தப்பின. எண்ணெயிட்ட கத்தி எங்கும் துருவில்லாமல் பிடிக்கு அருகில் மட்டும் செம்பழுப்பாகத் துரு கண்டால் இதுதான் காரணமாக இருக்கும். உடனே அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

நான்காவது, முகத்தில் பொன்னெழுத்து இருந்த ஒரு ஜோலிங்கன். நான் வேலையில் சேர்ந்த புதிதில், அப்பாவுக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று தொழிற்சாலைக்கு ரகசியமாக எடுத்துப்போய் பஃபிங் சக்கரத்தில் கொடுத்தேன். கண்ணாடி போல ஆனது. பொன்னெழுத்து ஐந்து விநாடியில் போயிற்று. அதுகூடப் பரவாயில்லை, வாயோரம் நீல நிறம் ஓடியது. டூல் ரூமில் பயிற்சி எடுத்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியாமலிருக்க முடியாது. சவரக்கத்தியின் கடினம் 200 டிகிரி வெப்பத்துக்கு உட்பட்டுப் பதம் பார்த்தது. நீலம் ஓடுகிறதென்றால் அந்த இடம் 290 டிகிரியைத் தொட்டுவிட்டது, பதம் இறங்கிவிட்டது. இனி கூர் நிற்காது. சேகரிப்பவருக்கும் ஆகாது, சவரத்துக்கும் ஆகாது. அப்பா அதை வாங்கிப் பார்த்தார். நகத்தால் சுண்டினார், கேட்டார், மடித்தார். "பளபளன்னுதான் இருக்கு" என்றார். எறியாமல் டின்னில் வைத்துக்கொண்டார்.

ஆகவே, பழைய கத்தி கிடைத்தால் தயவுசெய்து பளபளப்பாக்கக் கொடுக்காதீர்கள். கறுப்போடிய கறை துரு அல்ல. அதுவே ஒரு காப்பு. சிவந்த துருவை மட்டும் எண்ணெயும் மெல்லிய துணியுமாகத் துடைத்தால் போதும். மும்பை மழைக்காலத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் நல்லது. பிடிக்கும் கத்திக்கும் இடையில் ஈரம் தங்காமல் திறந்து துடைக்க வேண்டும். கொம்புப் பிடியைப் பூச்சி அரிக்கும், வருஷத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

தந்தப் பிடி விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அதே வியாபாரி குரலைத் தாழ்த்தி, உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் பிடிக் கத்தியைக் காட்டினார். தந்தமானால் அறுத்த முனையில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். எலும்பானால் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், துளைகள். செல்லுலாய்டானால் கோடுகள் அச்சடித்த மாதிரி ஒரே இடைவெளியில் ஓடும். அழுத்தித் தேய்த்தால் சூடம் வாசனை வரும். அவர் காட்டியது உண்மையான தந்தம். மேல்நாட்டில் பழைய தந்தம் என்று தனிச் சலுகைகள் இருக்கலாம். நம் நாட்டில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், ஆப்பிரிக்கத் தந்தத்தையும் சேர்த்து அடைத்த 1991 திருத்தமும் தந்த வியாபாரத்தைத் தடை செய்கின்றன. கத்தி நூறு வருஷப் பழசு என்பது விற்பனைக்கு அனுமதி ஆகாது. துணியைச் சுற்றித் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் பாட்டன் சொத்தாக அப்படி ஒன்று இருந்தால், விலை கேட்டுக் கடை ஏறும் முன் வனத்துறையிடம் விவரம் கேட்பது நல்லது.

வியாபாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்து ஐந்நூறு வரை வந்தார். "கொடுத்துடுங்கப்பா, புது வீட்டுல எதுக்கு இரும்பு" என்று என் மகள் போனில் சொன்னாள். ஒரு வாரம் யோசித்தேன்.

ராட்ஜர்ஸ் கத்தியை நான் தீட்டப் போவதில்லை. தீட்டினால் முதுகில் பட்டை விழும், பாதி விலை போகும் என்பது ஒரு காரணம். அப்பாவே தொடாததை நான் ஏன் தொடுவது என்பது மற்றொன்று. விற்கவும் மனம் வரவில்லை. மகள் பிறகு முடிவு செய்யட்டும். சாதாரண ஜோலிங்கன் இரண்டில் ஒன்றையும் செவ்வாயையும் தீட்டி எடுத்தேன். ஓய்வு பெற்றவனுக்குக் காலையில் அவசரம் இல்லை. முதல் வாரம் தாடையில் இரண்டு கீறல், இப்போது பழகிவிட்டது. மற்ற ஜோலிங்கனை என் தங்கை மகன், பூனாவில் சலூன் வைத்திருப்பவன், ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். கடையில் சுவரில் மாட்டியிருக்கிறான்.

மீதி, கதம் ஹை. அளந்து பார்த்தேன். 16 மில்லிமீட்டராகப் பிறந்தது 9 மில்லிமீட்டர் நிற்கிறது. மெலிந்த வயிறு முழுக்கத் தேய்ந்துபோய், முதுகை ஒட்டிய விறைப்பான எஃகுதான் பாக்கி. முதுகிலும் இரண்டு பக்கமும் பட்டை. கணக்குப் போட்டேன்: முதுகு தேயாமல் இருந்திருந்தால் கோணம் முப்பது டிகிரியை நெருங்கியிருக்கும், மழுங்கிப்போயிருக்கும். இதில் 19 டிகிரி. தண்டில் முத்திரை அப்பாவின் கட்டை விரல் பட்ட இடத்தில் அழிந்து, ஊர்ப் பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் தெரிகிறது. யார் செய்தது என்று சொல்ல வழியில்லை. இப்படிக் குறுகிப்போன கத்தியை முடிதிருத்துபவர்கள் எறிவதில்லை. அகலக் கத்தி போகாத இடத்துக்கு, காதோரத்துக்கும் மூக்கின் கீழும் வைத்துக்கொள்வார்கள். பிடி, உடைந்த ஒன்றுக்குப் பதிலாக அப்பாவே மூங்கிலில் சீவிப் போட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை கல்லில் நாற்பது இழுப்பு, தோல் வாரில் அறுபது இழுப்பு கொடுத்துக் காதோரம் மட்டும் வழித்துப் பார்த்தேன். எடுத்தது.